வடை ஆறுகிற நேரம்

வடையைத் தொடுவதில்லை என்ற வைராக்கியத்தோடு ஆவுடையப்பன் காகிதத் தட்டை ஏந்திக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கினார். கொதிக்கக் கொதிக்க வந்த உளுந்து வடை, நடு ஓட்டை வழியாகப் புகை விடுகிறது, அடியில் காகிதம் எண்ணெயைக் குடித்துக் கண்ணாடியாகிவிட்டது, பிழிந்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத் தாளிப்புக்கு ஆகும். தொட்டால் விரலில் எண்ணெய். எண்ணெய் விரலோடு ஆக்சிஜன் பக்கம் போகக் கூடாது. இது மீட்டிங் நடக்கிற அறைதானே, இங்கே ஆக்சிஜன் எங்கே வந்தது என்று கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும், வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படிப் பழகிய கை இது, தலைக்கு எண்ணெய் வைத்தால்கூட மூன்று தரம் சோப்புப் போட்ட பிறகுதான் நம்பும். அவர் இப்படி நினைத்து முடிப்பதற்குள் அங்கே மேசைமேல் நீலத் துணியில் கொலுப் பொம்மை மாதிரி உட்கார்த்தி வைத்திருந்த வால்வைக் கூட்டத்தலைவர் சென்னியப்பன் எடுத்தே விட்டார். எந்தக் கையால்? வடை பிய்த்த அதே கையால். எடுத்து, உள்ளங்கையில் தூக்கிப் போட்டுப் பிடித்து, உழவர் சந்தையில் எலுமிச்சம்பழம் பொறுக்குகிறவர் மாதிரி நிறுத்துப் பார்த்து, "என்ன லேசுங்! பூவாட்ட இருக்குதுங்," என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமாங்க, பூவேதானுங்க என்று தலையாட்டினார்கள், வாயில் வடை இருந்ததால் சத்தம் பாதிதான் வந்தது. பூவாம். காட்சிக்கு வைத்ததுதான், விண்கலத்தில் போகப்போவது வேறு, அதெல்லாம் தெரியும், ஆனாலும் அந்த எண்ணெய் ரேகை பளபளவென்று அதன்மேல் ஒட்டிக்கொண்டதைப் பார்த்ததும் ஆவுடையப்பன் தன் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். டைட்டானியப் பூ. நல்ல பூ. மூன்று பேர் உட்காரப்போகிற நாற்காலிக்கு அடியில் வைக்கிற பூ. ஆக்சிஜன் பாட்டிலின் வாயில் செருகுகிற பூ. போன மாதம்வரை அந்த இடத்தில் மோனல் வால்வு இருந்தது, நிக்கலும் செம்பும் கலந்த உலோகம், முரட்டுக் கனம், சண்டைக்கு வராத முரடன். கனமாக இருக்கிறதாம். மாற்றிவிட்டார்கள். மாற்றினால் என்ன மிச்சம்? ஓர் உரித்த தேங்காயின் எடை. ஒரே ஒரு தேங்காய். பிள்ளையாருக்கு முன்னால் உடைத்தாலும் புண்ணியம் உண்டு, இந்தத் தேங்காயில் என்ன உண்டு? "ஒரு டீயைக் குடிச்சுப்போட்டு வந்து உக்காந்தமுன்னா, யாருக்கும் ஒண்ணும் இல்லீன்னா, முடிச்சுப்போடலாமுங்க" என்று சென்னியப்பன் இப்போதுதான் சொல்லிவிட்டு எழுந்தார். யாருக்கும் ஒன்றும் இருக்காது. இருந்ததில்லை. இந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு, எவன் ஏற்படுத்தினானோ, அவன் கெட்டிக்காரன்: ஆட்சேபம் சொன்னவர் தலையிலேயே அந்த ஆட்சேபத்தைக் கட்டிவிடுவார்கள், அவரே போய்ச் சோதித்து அவரே முடித்துக் கொடுக்க வேண்டும். அதனால் கூட்டம் என்றால் எல்லாரும் வடைக்கு மட்டும்தான் வாயைத் திறப்பார்கள்.

தப்பெல்லாம் பேர் வைத்தவன்மேல் என்று அவருக்கு ஒரு கோபம் உண்டு, பழைய கோபம், அடிக்கடி எடுத்துத் துடைத்து வைக்கிற கோபம். பிராணவாயு. உயிர்வளி. என்ன கொஞ்சல்! பேரைக் கேட்டால் தொட்டிலில் போட்டு ஆட்டத் தோன்றும். அதோடு பழகினவனைக் கேட்க வேண்டும், அது எப்பேர்ப்பட்ட பசிக்காரன் என்று. காற்றில் ஐந்தில் ஒரு பங்காக, நைட்ரஜன் நாலு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறவரைக்கும் சாது, அடுப்பை எரிக்கும், பீடியைப் பற்றவைக்கும், அவ்வளவுதான். அதையே தனியாகப் பிரித்து, லாரி டயருக்குள் இருப்பதைப்போல முப்பது மடங்கு அழுத்தத்தில் ஒரு பாட்டிலுக்குள் திணித்துப் பாருங்கள், அப்போது அது பார்க்கிறதெல்லாம் சோறு. ரப்பர் சோறு. கிரீஸ் பாயசம். அலுமினியம் அப்பளம். எவர்சில்வர் என்று ஊரே கும்பிடுகிற அந்த இரும்பு இருக்கிறதே, அதுகூட ஒரு சின்னப் பொறி கிடைத்தால் தீபாவளிக் கம்பி மத்தாப்பாகிவிடும். டைட்டானியம்? டைட்டானியம் தலைவாழை இலை போட்டுப் பரிமாறின விருந்து. பொறி எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள், கேட்டார்கள், கேண்டீனில் வைத்துக் கேட்டார்கள். எங்கிருந்தா? சைக்கிளுக்குக் காற்றடித்திருக்கிறீர்களா ஐயா, வேகமாக அடித்தால் பம்பின் அடி சுடுகிறதல்லவா, அதே சூடுதான், வால்வைச் சடக்கென்று திறந்தால் வாயு ஓடிப்போய் முட்டுச்சந்தில் மோதி நெருங்கி, அங்கே நெருப்புப் பெட்டி இல்லாமலே நெருப்பு. அல்லது ஒரு தூசி, கண்ணுக்குத் தெரியாத ஓர் இரும்புத் துகள், அந்த வேகத்தில் போய்ச் சுவரில் அடித்தால் அதுவே போதும். திறக்காமல் இருக்க முடியுமா, தூசியே இல்லாமல் இருக்க முடியுமா? பொறி வரத்தான் செய்யும், வந்த பொறிக்குத் தின்ன ஒன்றும் கிடைக்கக் கூடாது, அதுதான் கணக்கு, அதற்குத்தான் மோனல், செம்பு, பித்தளை என்று பல்லுடைக்கிற பண்டமாகப் பார்த்து வைக்கிறது. இதைச் சொன்னால், "சார், இது ஹீலியம் லைன்ல பல தடவை பறந்த வால்வு" என்கிறார்கள். ஹீலியம்! ஹீலியம் சன்னியாசி ஐயா, எதையும் தொடாது, எதோடும் ஒட்டாது, உறங்குகிறவன் மடியில் தங்கத்தைப் போட்டாலும் அப்படியே இருக்கும். சன்னியாசி வீட்டில் நகை பத்திரமாக இருந்தது என்பதற்காகத் திருடன் வீட்டில் கொண்டுபோய் வைப்பார்களா? சோதித்தாயா என்று கேட்டால், சோதித்தோம் சார், அதே அழுத்தம், திரும்பத் திரும்பத் திறந்து மூடினோம், ஒரு கீறல் இல்லை என்கிறார்கள். எதை வைத்துச் சோதித்தாய்? நைட்ரஜனை வைத்து. ஏன் நைட்ரஜன்? ஆக்சிஜன் ஆபத்து சார். கேட்டுக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் ஆபத்து என்று தெரிந்திருக்கிறது. அதனால் ஆபத்தில்லாத வாயுவை வைத்து, ஆபத்து இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை குடிகாரனா என்று விசாரிக்கப் போய், மாப்பிள்ளை முரடன், பக்கத்தில் போக முடியவில்லை, தம்பியை விசாரித்தோம், தங்கமான பையன் என்று சொல்லிவிட்டு வந்தது மாதிரி. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறது யாருக்கு? இதைச் சபையில் எழுந்து கேட்க வேண்டாமா? கேட்க வேண்டும். யார் கேட்பது? வடை லேசாகப் புகையடங்கியிருந்தது.

"சார் இன்னும் சாப்பிடலையா? எண்ணெய் பயமா?" ஜெசிந்தா வந்து பக்கத்தில் நின்றாள். தூத்துக்குடிப் பெண், எடை குறைக்கிற வேலைக்குத் தலைவி, கெட்டிக்காரி, விண்கலத்தின் ஒவ்வோர் ஆணியையும் தராசில் வைத்துக் கணக்கு வைத்திருக்கிறவள், அவளைத் திட்டவும் மனசு வராது, திட்டாமலிருக்கவும் முடியாது. "எனக்கு எண்ணெய் பயமில்லம்மா, உன்னோட டைட்டானியம்தான் பயம்," என்றார். அவள் சிரித்தாள். "ஆரம்பிச்சிட்டீங்களா. இப்போ சேவல் கதை வரும்." "வராது." "வரும் சார். தாசையன் அண்ணன் வால்வைத் திறந்தாரு, பட்டப்பகல்ல ஒரு வெளிச்சம், பக்கத்து ஊருச் சேவல் எல்லாம் விடிஞ்சிட்டுன்னு நெனச்சுக் கூவிச்சு. போன வருசம் ரெண்டு ஊருச் சேவல். பொங்கலுக்குச் சொல்லும்போது நாலு ஊரு. கேண்டீன்ல ஒருத்தன்ட்ட மயிலும் ஆடிச்சின்னு சொன்னீங்களாமே." "மயில நான் சொல்லல, அவனாச் சேத்துக்கிட்டான்." "அதான் சார், நீங்க சொன்னா யாரு நம்புவா?" என்று அவள் டீயை ஊதினாள், குத்தலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள், அதுதான் அதிகமாகக் குத்தியது. "உனக்கு அந்தச் செய்யாத ஆக்சிஜன் சோதனையை நினைச்சா ராத்திரி உறக்கம் வருதா?" என்று கேட்டார். "வெயிட் குறையலேன்னா கலமே போகாது சார். நாள் தள்ளிப்போகும். என்னைத்தான் பிடிப்பாங்க," என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

யார் நம்புவா. நம்ப வேண்டாம். சேவல் பொய்யாகவே இருக்கட்டும், சேவலை அவர்தான் வளர்த்தார், மறுக்கவில்லை, கதை என்றால் நாலு சேவல் கூவத்தான் செய்யும், வெறும் கதையை எவன் கேட்கிறான்? சேவல் பொய், தாசையனின் விரல் பொய்யா? வலது கையில் போன மூன்று விரல், அது பொய்யா? சேவலை எண்ணினவர்கள் எவராவது விரலை எண்ணினார்களா? அன்றைக்கு ஆக்சிஜன் கொட்டகையில் ஆவுடையப்பன் தாசையனுக்குப் பின்னால்தான் நின்றார், கூப்பிடு தூரம்கூட இல்லை, தோளைத் தொடுகிற தூரம். தாசையன் களியக்காவிளைக்காரன், எதையும் பாடிக்கொண்டே செய்வான், வால்வுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டும் ஏதோ முணுமுணுத்தான். உள்ளே இருந்தது ஒரு வளையம். இந்த வடை அளவுகூட இல்லை, விரலில் மோதிரமாகப் போடலாம், அவ்வளவுதான், ரப்பர் வளையம், போட்டிருக்க வேண்டியது லேசில் பற்றாத டெஃப்லான், கிடைத்தது ரப்பர், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல வளையம்தானே என்று யாரோ போட்டுவிட்டார்கள். சத்தம்கூடப் பெரிய சத்தமில்லை. அதை அவர் எந்தத் தடவையும் சரியாகச் சொன்னதில்லை, இடி என்பார், மலை பிளந்தது என்பார், உண்மையில் தாளிக்கும்போது உளுந்து வெடிக்குமே அந்தச் சத்தம்தான். அப்புறம் வெள்ளை. வெளிச்சம் என்றுகூடச் சொல்ல முடியாது, வெள்ளை, கண்ணை மூடினாலும் இமைக்குள்ளே வெள்ளை. வளையத்தைத் தின்று, வளையம் இருந்த இரும்பைத் தின்று, குழாயில் ஒரு முழம் தின்று, இரும்பு எரிகிற மணம், அதை எதோடு ஒப்பிடுவது, எதோடும் ஒப்பிட முடியாது, அதனால்தான் சேவலைக் கூப்பிட வேண்டியிருந்தது. சேவல் இல்லாமல் அந்தக் கதையை அவரால் சொல்ல முடியாது. ஒரு தரம் சொல்லிப் பார்த்தார், கோமுவிடம், அவர் மனைவியிடம், அன்றைக்குச் சாயங்காலம், புருவம் கருகிப்போய் வந்து உட்கார்ந்து, பாதியில் பல் கிட்டிவிட்டது. கோமு அவர் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். இனிமேல் அந்தக் கொட்டகைப் பக்கம் போகமாட்டேன்னு சொல்லுங்க. சொன்னார். அதன்பிறகு கம்பெனி மாறியது, ஊர் மாறியது, எந்த ஊரிலும் ஆக்சிஜன் கொட்டகை வாசலை அவர் மிதித்ததில்லை. காகிதத்தில் கணக்குப் போடுவார், உலோகத்தைத் தேர்ந்தெடுப்பார், கத்துவார், கதை சொல்லுவார், வாசலை மிதிக்கமாட்டார். இப்போது எழுந்து ஆட்சேபம் என்றால் என்ன நடக்கும்? வழக்கம்தான் இருக்கிறதே. நீங்களே போய் ஆக்சிஜன் விட்டுப் பார்த்துச் சொல்லுங்க. இதையெல்லாம் கோபம் என்றுதான் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தார், கோபத்துக்கு அடியில் ஒன்று குந்தி உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் கோபம். கலத்தில் ஏறப்போகிற அந்த மூன்று பேர் என்ன செய்தார்கள்? ஒரு நாள் இங்கே வந்து எல்லாரையும் பார்த்துக் கைகுலுக்கினார்கள், ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்து, வசதியா இருக்கு சார் என்றான். வசதியாக இருக்கிறதாம். அடியில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. அதைக் கேட்க நீங்களெல்லாம் இருக்கிறீர்கள் என்று நினைத்திருப்பான்.

சட்டைப் பையில் போன் நடுங்கியது. கோமுதான். "என்ன, மீட்டிங்கு முடிஞ்சா?" "டீ குடிக்க விட்டிருக்காவ." "வடை தின்னியளா?" "இல்ல." "பொய் சொல்லாதிய, வடையைக் கண்டா நிப்பியளா? டாக்டர் என்ன சொன்னாரு?" "தின்னலைட்டி, கையிலதான் வச்சிருக்கேன்." நாற்பது வருஷமாகக் கூட இருக்கிறவளுக்குத் தின்னாத வடை ஒன்று கையில் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும். "அங்கன யார்ட்டயும் சண்டைக்கு நிக்கியளா?" "நான் எதுக்கு நிக்கேன்." "நிப்பிய. ஆசுபத்திரியில நின்ன மாதிரி." அதை வேறு எடுத்துவிட்டாள். போன மழைக்காலத்தில் அவளுக்கு மூச்சு முட்டி ஆசுபத்திரியில் போட்டிருந்தபோது, சிலிண்டர் மாட்ட வந்த ஆள் திருகுமறை இறுகிக்கொண்டதென்று இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தான், தேங்காயெண்ணெய், நம் ஊரில் கதவு கிறீச்சென்றாலும் தேங்காயெண்ணெய், பூட்டுத் திறக்காவிட்டாலும் தேங்காயெண்ணெய், குழந்தைக்குத் தலையிலும் தேங்காயெண்ணெய், ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் என்ன பாவம் செய்தது என்று இரண்டு சொட்டு விடப் போனான், ஆவுடையப்பன் கட்டிலைத் தாண்டிக் குதித்தார், கட்டிலைத் தாண்டினது நிஜம், அந்த வயதில், குப்பியைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்து, கொலைகாரா என்று கத்தினார். வார்டு முழுக்க வேடிக்கை பார்த்தது. அந்த ஆள் அழாத குறையாக, "இத்தன வருசமா இப்படித்தானய்யா மாட்டுதேன், ஒண்ணும் ஆகலியே," என்றான். ஒன்றும் ஆகவில்லையே. அதே வாக்கியம். ஆசுபத்திரியிலும் அதே வாக்கியம், ஏ.சி. போட்ட அறையில் ஹீலியம் பேசுகிறவர்களிடமும் அதே வாக்கியம், குப்பி ஆளாவது படிக்கவில்லை, இவர்களுக்கு என்ன கேடு? "அன்னைக்கு மானமே போச்சு," என்று கோமு போனில் சொல்லிக்கொண்டிருந்தாள், "மூக்குல குழாயை வச்சுக்கிட்டு என்னால சிரிக்கவும் முடியல அழவும் முடியல. இங்கேருங்க. அந்தப் பித்தளைத் தகடு போட்டோவை எங்கண்ணன் பேரனுக்கு அனுப்பினேன், தாத்தா பேரு ஆகாசத்துக்குப் போகுதுன்னு ஊரு பூராச் சொல்லிட்டு அலையுதான். பேரு போகுதமட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருங்க. கேக்குதா?" "கேக்குது." "கொட்டகைப் பக்கம் போகச் சொல்லுதாவளா?" அவள் இதை எப்படிக் கேட்டாள் என்று அவருக்குத் தெரியவில்லை, குரல் இறங்கிவிட்டது அவளுக்கு. "யாரும் ஒண்ணும் சொல்லல கோமு. வைக்கேன்." வைத்துவிட்டார். பொய் இல்லை. யாரும் இன்னும் சொல்லவில்லை.

பித்தளைத் தகடு. அவள் சொன்ன பிறகுதான் தலையைத் திருப்பிப் பார்த்தார், அறை மூலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அது நின்றுகொண்டிருந்தது, வந்த அன்றைக்கு எல்லாரும் கூடி நின்று படம் பிடித்த தகடு, விண்கலத்தின் உட்சுவரில் பதிக்கப்போகிறார்கள், மேலே கம்பெனிப் பேர், அதன்கீழ் முதலாளி பேர், அதன்கீழ்ப் பெரிய எழுத்தில் சென்னியப்பன், அப்படியே படியிறங்கி வந்து அடிவரியில் ஆவுடையப்பன். நல்ல கனமான தகடு, இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள் என்று சொன்னால் கதை, ஒருத்தர்தான் வைத்தார், ஆனால் இரண்டு கையாலும் ஏந்தி வைத்தார். பித்தளை. ஆவுடையப்பன் அந்தச் சொல்லை இரண்டாம் தரம் நினைத்தார், பித்தளை, செம்பும் துத்தநாகமும், பொறி பட்டாலும் பற்றாது, ஆக்சிஜன் பல்லை உடைத்துக்கொண்டு திரும்பிப் போகும். வால்வு டைட்டானியம். பேர் பித்தளை. நிமிர்ந்து நின்றார். கோபம் இவ்வளவு நேரம் அரைத்துக்கொண்டே இருந்தது, உளுந்து அரைபடுகிற மாதிரி சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில், இப்போது பொங்கி மேலே வந்துவிட்டது. எவன் செய்தான் இந்த ஏற்பாட்டை? யாரும் செய்யவில்லை, அதுதான் கொடுமை, யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை, மூச்சுக்கு லேசானதாகப் பார்த்தார்கள், பேருக்குப் பளபளப்பானதாகப் பார்த்தார்கள், அது பாட்டுக்கு அமைந்துவிட்டது. "உக்காரலாமுங்களா?" என்று சென்னியப்பன் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார். நாற்காலிகள் இழுபட்டன. ஆவுடையப்பன் வடைத் தட்டையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"அப்பப் பாத்துக்குங்க, யாருக்கும் ஒண்ணும் இல்லீங்களே?" சென்னியப்பன் ஏற்கெனவே பாதி எழுந்துவிட்டார். இந்த இடைவெளி எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு மூச்சு. கோமுவின் தலைமுடி உள்ளங்கையில் தட்டுப்பட்ட மாதிரி இருந்தது, அந்தச் சத்தியம் செய்த கை. வாய் திறந்துகொண்டது, அவரைக் கேட்டுத் திறந்ததாகத் தெரியவில்லை. "எனக்கு இருக்கு." எல்லாத் தலையும் திரும்பியது, சில முகங்களில் சிரிப்பு இப்போதே தயாராக இருந்தது, சேவலுக்காக. "ஆக்சிஜன்ல அதைப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். மனசுக்குள் ஒத்திகை பார்த்த சன்னியாசி, மாப்பிள்ளை, பாயசம் ஒன்றும் வரவில்லை. சென்னியப்பன் உட்கார்ந்தார். கெட்ட மனுஷர் இல்லை, அலுத்துப்போன மனுஷர். "சரிங்க. நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியுமுங்களே. சொன்னவிங்கதான் முடிச்சுக் குடுக்கோணும். நாளைக்கே கொட்டாய்க்குப் போயி, நீங்களே ஆக்சிஜனை உட்டுப் பாத்துச் சொல்லிப்போடுங்." வந்துவிட்டது. வெள்ளை, உளுந்துச் சத்தம், இரும்பு எரிகிற மணம், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "போறேன்," என்றார் ஆவுடையப்பன், குரல் அவருடையதுதானா என்று அவருக்கே சந்தேகம். "போறேன். ஆனா ஒரு தரம் எரியலேன்னா எரியாதுன்னு அர்த்தமில்ல, நூறு தரம் எரியாம நூத்தியோராம் தரம் எரியும், அதுவரைக்கும் நிக்கணும். கொட்டகையில பாதுகாப்புக்குன்னு கட்டின கல்லுச் சுவருக்குப் பின்னால நான் நிக்கமாட்டேன். அவங்க மூணு பேரும் என்ன சுவருக்குப் பின்னாலயா உக்காரப்போறாங்க? வால்வுக்கும் நாற்காலிக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துல நாற்காலி போடுங்க. எனக்கு ஒண்ணு. தலைவருக்கு ஒண்ணு. இதைத் தேர்ந்தெடுத்த ஜெசிந்தாவுக்கு ஒண்ணு. மூணு நாற்காலி. வடையும் அங்கேயே கொண்டாரச் சொல்லுங்க."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். ஜெசிந்தா மேசைமேல் இருந்த வால்வைப் பார்த்தாள், அதன்மேல் காய்ந்திருந்த எண்ணெய் ரேகையைப் பார்த்தாள். "நான் உக்காரமாட்டேன் சார்," என்றாள். சென்னியப்பன் அவள் பக்கம் திரும்பினார். "ஏனுங்கம்மிணி, நீங்கதானே எல்லாம் நல்லா இருக்குதுன்னு..." "நைட்ரஜன்னா உக்காருவேன் சார். ஆக்சிஜன்னா மாட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, அவ்வளவு லேசாகத் தன் வாயிலிருந்து வந்துவிட்டதா என்று தானே திகைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் நெற்றியைத் தேய்த்தார். "அப்ப அந்த எடையை எங்க போயிங்க கொறைக்கறது? ஒரு தேங்கா எடைங்க. அவிங்க மூணு பேத்துல ஒருத்தரைப் பட்டினி போடறதுங்களா?" ஆவுடையப்பன் எழுந்துபோய்க் கண்ணாடிப் பெட்டியை விரலால் தட்டினார். "இது எவ்வளவும்மா?" ஜெசிந்தாவுக்குக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, ஒவ்வோர் ஆணியும் தெரிந்தவள். "அந்தத் தேங்காய்தான் சார். கொஞ்சம் கூடவே வரும்." "பித்தளை," என்றார் ஆவுடையப்பன். "இந்தக் கலத்துலயே ஆக்சிஜனுக்குப் பயப்படாத பண்டம்னு பாத்து வச்சிருக்கிறது இது ஒண்ணுதான். வால்வு பத்தினா நாற்காலி போகும், சுவர் போகும், அந்த மூணு பிள்ளைகளும் போவாங்க. இது மட்டும் எரியாது. நம்ம பேரு மட்டும் ஒரு எழுத்து அழியாம, பளபளன்னு, கடல்ல வந்து விழும்."

சென்னியப்பன் வெகுநேரம் அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், பெரிய எழுத்தில் இருந்த தன் பேரைத்தான் பார்த்திருப்பார். "உங்க பேரும்தான் இருக்குதுங் அதுல," என்றார் கடைசியில், தோற்கிறவன் குரலில். "இருக்கு. அடியில. எங்க வீட்டம்மா ஊரு பூராக் காட்டியாச்சு. நான் போயித்தான் பதில் சொல்லணும்." சென்னியப்பன் வால்வை நீலத் துணியோடு எடுத்து, பூ என்று சொன்னதை மறந்துவிட்டவர் மாதிரி, மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். "பழசையே மாட்டிப்போடுங்க. அந்தத் தகட்டைக் கழட்டி ஆபீஸ் சுவத்துல வெச்சுக்கலாம், அங்க எவன் எடை கேக்கறான்." பிறகு குறிப்பெடுக்கிறவரைப் பார்த்து, "ஆட்சேபத்தை எழுதிக்குங்க. யாரு பேருலீங்க எழுதறது? உங்க பேருலீங்களா?" என்றார். "என் பேருலதான்," என்றார் ஆவுடையப்பன், "காகிதத்துலயே எழுதுங்க, போதும்."

உட்கார்ந்து, வடையை எடுத்தார். சுத்தமாக ஆறிப்போயிருந்தது. கடித்தால் ரப்பர் வளையம் மாதிரி இழுத்தது. இழுத்துக் கடித்து, எண்ணெய் வழிய வழிய, கோமுவிடம் தகடு போனதைச் சொல்வதற்கு முன் முதலில் தின்றேன் என்று ஒப்புக்கொள்வதற்காகவே முழுதையும் தின்றார்.